வார்ப்பாலையின் எடை

உத்தியோக காலத்தில் என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், ஜெர்மனியர்களுக்கு எடை பார்த்தேன் என்று சொல்வேன். கேட்டவர் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார். ஓய்வுபெற்ற பிறகு இது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

போன மாதம் அந்த வசதி கெட்டது. ஹம் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் என் பழைய தோழியைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே துர்க்கா என்ற பெண் வேலை பார்க்கிறாள். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவள். பராமரிப்புப் பணியில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, படிக்கிறாள். தோழியை நாற்காலி போன்ற தராசில் உட்காரவைத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். எண் தானாகவே கணினிக்குப் போய்விட்டது.

"நீ எழுத வேண்டாமா?" என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி. உங்கடை காலத்திலை இதை எழுதவெண்டே ஒராள் இருந்தவவோ?"

"இருந்தாள். நான்தான்."

"ஒரு நம்பரை எழுதிறதிலை அப்பிடியென்ன இருக்கு?"

அவளுக்கு அடுத்த அறையில் வேலை இருந்தது, போய்விட்டாள். அவள் கேட்டதற்கு உள்ள பதில் இதுதான்.

நான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து அறுபதுகளின் தொடக்கத்தில் செவிலியர் பயிற்சிக்காக இங்கே வந்தவள். கன்னியாஸ்திரிகள் நடத்திய மருத்துவமனையில் மூன்று வருடம் படித்தேன். அந்த மூன்று வருடத்தில் கற்றது: ஜெர்மன் மொழி, படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கும் விதம், உருளைக்கிழங்கை அலுக்காமல் தின்பது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பயிற்சி முடிந்ததும் ஹம்முக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஓர் இரும்பு வார்ப்பாலையின் மருத்துவ அறையில் வேலை கிடைத்தது. இரும்பை உருக்கி, மணல் அச்சில் ஊற்றி, கார்களுக்கும் லாரிகளுக்கும் பிரேக் உருளை செய்யும் இடம். உலைக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு நாளில் வடிக்கும் வியர்வையை நம் ஊரில் சித்திரை மாதம் முழுக்க வடிக்கமாட்டோம். அதனால் அவர்களுக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை எடை பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. மற்றவர்களுக்கு வருடத்திற்கு ஒருமுறை. உலைக்காரர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்ததைவிட ஐந்து கிலோ குறைந்துவிட்டால், அவரை உலையிலிருந்து எடுத்து இலகுவான வேலைக்கு அனுப்பிவிட்டு, ஏன் குறைந்தார் என்று பரிசோதிக்க வேண்டும்.

இந்த விதியை எழுதியவர் எங்கள் மருத்துவர், டாக்டர் பிராண்டல். ஐம்பது வயதிருக்கும். போரில் பிடிபட்டு ரஷ்ய முகாமில் இருந்துவிட்டு, நாற்பத்து மூன்று கிலோவோடு வீடு திரும்பியவர். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதையும் ரயில் புறப்படும் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். அச்சடித்த மாதிரிப் பேசுபவர். அவர் பேச்சைத் தமிழில் எழுதும்போதும் அப்படித்தான் வருகிறது. மருத்துவ அறையில் யாரும் யாரையும் 'குண்டு' என்றோ 'ஒல்லி' என்றோ சொல்லக்கூடாது.

"எடை அபிப்பிராயம் அல்ல, சிஸ்டர். எண்ணைச் சொல்லுங்கள்" என்பார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தராசைச் சோதிப்போம். நின்று பார்க்கும் தராசு. எடைக்குண்டை நகர்த்தித் தண்டைச் சமன் செய்ய வேண்டும். எங்கள் வார்ப்பாலையிலேயே வார்த்த இருபது கிலோ இரும்புக் கட்டிகள் இரண்டு இருந்தன. டாக்டர் முதலில் ஒன்றை வைப்பார், எழுதுவார். பிறகு இரண்டையும் வைப்பார், எழுதுவார். பிறகு கட்டிகளை இறக்கிவிட்டு, மேலங்கியையும் காலணியையும் கழற்றிவிட்டுத் தானே ஏறுவார், எழுதுவார். கடைசியில் நான். என் எடையையும் அவர் எழுதுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. இரண்டாவது வருடம் முதல், ஞாயிற்றுக்கிழமை கேக்கை மட்டும் குறைத்துக்கொண்டேன்.

பதிவேட்டில் மையால்தான் எழுத வேண்டும். தவறு வந்தால் அழிக்கக்கூடாது. அதன்மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும், பழைய எண் தெளிவாகத் தெரிய வேண்டும், பக்கத்தில் சரியான எண், கையெழுத்து.

வருட முடிவில் டாக்டர் எல்லோருடைய எடையையும் கூட்டுவார். இயக்குநரிலிருந்து தரை பெருக்குகிறவர்வரை அனைவரும் சேர்ந்து எத்தனை டன் என்று கணக்கிட்டு, ஆள் எண்ணிக்கையால் வகுத்து, சதுரக் கட்டத் தாளில் ஒரு புள்ளி வைப்பார். அதற்கு 'வார்ப்பாலையின் எடை' என்று பெயர். உற்பத்தி எத்தனை டன் என்பதை இயக்குநர் தன் அறையில் தொங்கவிட்டிருந்தார். உற்பத்தி செய்தவர்கள் எத்தனை டன் என்பது எங்கள் அறையில் தொங்கியது.

அறுபத்தாறாம் வருடக் கடைசியில் முதல் சரிவு வந்தது. அதுவரை ஜெர்மனியில் பொருளாதாரம் கீழே போகும் என்பது யாருக்கும் தெரியாது. என்னைப் போன்ற புதியவர்கள்கூட நம்பவில்லை. ஆர்டர் குறைந்தது. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை, மீதி நாளுக்கு அரசாங்கம் கொஞ்சம் ஈடு கொடுக்கும் என்றார்கள். உலைக்காரர்கள் மெலிந்துவிடுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். பஞ்சத்தைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது அவ்வளவுதான்.

அவர்கள் பெருத்தார்கள். உலையில் நிற்கும் மனிதனுக்கு அளந்து சமைத்தே பழகிய கைகள் வீட்டில் இருந்தன. உலை அணைந்த செய்தி அந்தக் கைகளுக்குப் போய்ச்சேரவில்லை. அதே அளவு உருளைக்கிழங்கு, அதே அளவு பன்றிக்கொழுப்பு, சும்மா இருப்பவருக்கு. நாலைந்து மாதம் போய், மிச்சம் பிடிக்க வேண்டிய நிலை வந்த பிறகுதான் இறங்கத் தொடங்கினார்கள். அலுவலகத்தில் நேர் எதிர். கணக்குப் பிரிவு முழுவதும் முதல் வாரத்திலேயே மெலிந்துவிட்டது. அவர்களுக்குத்தான் விஷயம் முன்கூட்டியே தெரியும்.

டாக்டர் இதையெல்லாம் கவனித்து வைத்துக்கொண்டார். பிற்பாடு எழுபத்து மூன்றில் விற்பனைப் பிரிவுத் தலைவர் ஒரே கோடையில் ஆறு கிலோ இறங்கியதும், நாடு மறுபடி சரியப்போகிறது என்று முடிவுகட்டி, வீட்டுக்கு இரண்டு பருவத்திற்கான நிலக்கரியை வாங்கிப் போட்டார். தலைவருக்கு வயிற்றில் புண் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் நாடும் சரிந்துவிட்டதால் டாக்டர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இரண்டு சரிவுக்கும் நடுவே இருந்த நல்ல காலத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எழுபதாம் வருடம் ஆர்டர் குவிந்தது. ஒவ்வொருவரும் எடை பார்க்க வந்துபோக இருபது நிமிடம் ஆகிறது என்று உற்பத்திப் பிரிவிலிருந்து புகார். ஆளைவிட பூட்ஸுக்குத்தான் நேரம் பிடித்தது: உலைக்காரர்களுக்கு முழங்கால்வரை தோல் காப்பு, கனத்த கால்சட்டை, மேல்சட்டை. அவற்றைக் கழற்றி, உள்ளாடையோடு நின்று, மறுபடி மாட்ட வேண்டும்.

"உடுப்பை ஒருமுறை தனியாக எடை பார்த்து வைத்துக்கொள்வோம். ஆளை உடுப்போடு நிறுத்துவிட்டு அதைக் கழித்துக்கொள்ளலாம்" என்று நான் சொன்னேன்.

எல்லோருக்கும் ஒரே உடுப்பு, அளவில்தான் வித்தியாசம். யோசனை கெட்டிக்காரத்தனமாக இருந்தது. ஆனால் உண்மைக் காரணம் வேறு. உள்ளாடையோடு முப்பது ஆண்கள் வரிசையில் நின்று கேலி பேசுவதும், நான் அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. மருத்துவமனையில் நோயாளியைத் துடைத்துக் குளிப்பாட்டியிருக்கிறேன், கூச்சம் வந்ததில்லை. நோயில்லாத ஆண்கள் வேறு மாதிரி. இதை டாக்டரிடம் நான் சொல்லவில்லை.

டாக்டர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "வேலை குறையும்போது பழைய முறைக்குத் திரும்பிவிட வேண்டும்" என்றார்.

"நிச்சயமாக" என்றேன்.

அந்த வருடம்தான் சிவஞானம் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். பருத்தித்துறைக்காரர். கப்பலில் எஞ்சின் அறை வேலை பார்த்தவர், ஹாம்பர்க்கில் இறங்கி, கையில் காகிதங்களோடு அலைந்து, எங்கள் உலைக்கு வந்துவிட்டார். எஞ்சின் அறைக்கு உலை எவ்வளவோ குளிர்ச்சி என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வட்டாரத்தில் தமிழ் பேச எனக்கு அவர், அவருக்கு நான். நான் எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார், ஆனால் வாங்கோ போங்கோ என்றுதான் பேசுவார். சேர்ந்த அன்று அறுபத்தெட்டு கிலோ.

மனைவியும் பெண்குழந்தையும் ஊரில் இருந்தார்கள். அவர்களை இங்கே அழைத்துக்கொள்ள அவர் போட்டிருந்த அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்தது. வீடு இருக்கிறதா, நிலையான வேலை இருக்கிறதா என்று இரண்டே கேள்வி. வீடு என்று இரண்டறை பிடித்துவிட்டார். வேலை இருந்தது.

எழுபத்து மூன்று குளிர்காலத்தில் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரும் கார் ஓட்டக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஜனங்கள் நெடுஞ்சாலையில் நடந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். கார் ஓட்டாதவர் புதுக் கார் வாங்குவதில்லை. கார் வாங்காத நாட்டுக்குப் பிரேக் உருளை வேண்டாம். சில வாரத்தில் எங்களுக்கு மறுபடியும் மூன்று நாள் வேலை. வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

நல்ல காலத்தில் உலைக்காரர்கள் ஐந்து கிலோ விதியை விரும்பினார்கள். எடை குறைந்தால் அதே சம்பளத்தில் ஒரு மாதம் கிடங்கில் உட்காரலாம். ஒருவர் அதற்காக மூன்று நாள் முட்டைக்கோஸ் சூப்பில் வாழ்ந்துவிட்டு வந்து, தராசிலேயே தள்ளாடினார். இப்போது விதி தலைகீழாகிவிட்டது. ஆள் குறைப்பு வந்தால் இலகுவான வேலையில் இருப்பவர்கள்தான் முதலில் போவார்கள் என்று பேச்சு. அது வெறும் பேச்சு அல்ல, பட்டியலும் அப்படித்தான் தயாராகிக்கொண்டிருந்தது. தராசில் எல்லோரும் கனமாக ஏறத் தொடங்கினார்கள்.

ஜனவரியில் டாக்டர் சொன்னார்: "வேலை குறைந்துவிட்டது. உடுப்பைக் கழற்றும் முறைக்குத் திரும்பலாம்."

"எரிபொருளை மிச்சம் பிடிக்க நம் அறையின் சூட்டைக் குறைத்திருக்கிறார்கள், டாக்டர். ஆட்களைக் குளிரில் நிறுத்த வேண்டுமே" என்றேன்.

அவர் வெப்பமானியைப் பார்த்தார். பதினைந்து டிகிரி. வசந்தம் வரட்டும் என்றார். வசந்தம் வந்தபோது அவருக்கு வேறு வேலை இருந்தது, நான் நினைவுபடுத்தவில்லை. அவசரம் வந்தபோது உடுப்போடு நிறுத்தோம், அவசரம் போனபோதும் உடுப்போடு நிறுத்தோம்.

பிப்ரவரியில் சிவஞானம் அண்ணாச்சி தராசில் ஏறினார். கன்னம் ஒட்டியிருந்தது. தண்டைச் சமன் செய்தேன். உடுப்பைக் கழித்தால் சரியாக அறுபத்தெட்டு. அவர் இறங்கத் திரும்பியபோது இடுப்பிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அரிசிப் பையை நகர்த்திவைத்ததுபோல. வார்த்த உருளைகளைச் சுத்தம் செய்ய அவற்றின்மேல் வேகமாக அடிக்கும் இரும்பு ரவை எங்கள் ஆலையில் வாளி வாளியாகக் கிடக்கும். கடுகளவு உருண்டைகள். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் பேனாவை எடுக்காமல் அவரைப் பார்த்தேன். அறையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர் தமிழில், மெதுவாக, வானிலை சொல்வதுபோலச் சொன்னார்:

"எழுதுங்கோ தங்கச்சி."

"என்ன உடம்பு உங்களுக்கு?"

"உடம்புக்கு ஒண்டுமில்லை. ஒழுங்காச் சாப்பிடேல்லை, அவ்வளவுதான். உலையாலை எடுத்தாப்பிறகு வேலை நிண்டிடும். வேலை இல்லையெண்டால் பேப்பர் இல்லை. பேப்பர் இல்லையெண்டால் அவையள் வர ஏலாது. நாலு வருசமாப் போச்சு. இந்த வருசம் மட்டும் எழுதுங்கோ."

68 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓர் எண்ணை எழுதுவதில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு நானும் நினைத்தேன்.

மே மாதம் மறுபடி வந்தார். இடுப்பில் கட்டிய இரும்பு கனத்திருந்தது, முகம் சிறுத்திருந்தது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. 68. ஆகஸ்டிலும் 68. உலைக்காரர்களுக்கு ஆலையில் புதினாத் தேநீர் இலவசம். பெரிய பாத்திரத்தில் வைத்திருப்பார்கள். அதை அண்ணாச்சி ஒருவரே பாதி காலி செய்துவிடுகிறார் என்று ஃபோர்மன் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அடிக்கடி கழிப்பறைக்கும் போகிறார் என்றார். உலையில் நிற்பவன் தண்ணீர் குடித்தால் யாருக்கும் சந்தேகம் வராது. நான் செவிலியர் படிப்பு படித்தவள். எனக்கு வந்திருக்க வேண்டும். என்னவென்று யோசித்தால் என்னவென்று தெரிந்துவிடும், தெரிந்தால் எழுத முடியாது. அதனால் யோசிக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு பிற்பகல், டாக்டர் உலைக்காரர்களின் எடைகளைக் கட்டத் தாளில் வரைந்துகொண்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. எல்லாக் கோடுகளும் வேலை குறைந்ததும் மேலே போய், பிறகு கீழே இறங்கியிருந்தன. ஒன்று மட்டும் ரூல்தடி வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது.

"சிஸ்டர், இந்த மனிதர் மட்டும் பொருளாதாரத்துக்கு வெளியே வாழ்கிறார். கூப்பிடுங்கள்" என்றார்.

அண்ணாச்சி வந்தார். டாக்டர் உடுப்பைக் கழற்றச் சொன்னார். மேல்சட்டைக்குள், பழைய சாரம், அதாவது கைலி, ஒன்றைக் கிழித்து, கட்டம் கட்டமாகத் தைத்த பெல்ட் இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் இரும்பு ரவை. கப்பலில் தையல் பழகியிருந்தார்; நேர்த்தியான வேலை. டாக்டர் பெல்ட்டை வாங்கி மேசையில் வைத்தார். பூட்ஸைக் கழற்றச் சொன்னார். அண்ணாச்சி வலது பூட்ஸைக் கழற்றினார். இடதைக் கழற்றாமல் நின்றார்.

"தங்கச்சி, இதை விடச்சொல்லுங்கோ" என்றார்.

நான் மொழிபெயர்க்கவில்லை. குனிந்து நானே கழற்றினேன். ஜூலையில் உருகிய இரும்பு ஒரு சொட்டு பூட்ஸுக்குள் போயிருக்கிறது. காயத்தைக் காட்டினால் உடுப்பைக் கழற்றச் சொல்வோம் என்று காட்டாமல் இருந்திருக்கிறார். துணியைப் பிரித்ததும் அறை முழுக்க நாற்றம். விரல்கள் இரண்டு கறுத்துவிட்டன. இதில் அவருக்கு வலியே இல்லையாம். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

டாக்டர் அவரைத் தராசில் ஏற்றி, தண்டைத் தானே சமன் செய்தார். ஐம்பத்து நான்கரை. பிறகு பெல்ட்டை மட்டும் வைத்துப் பார்த்தார். பதின்மூன்றரை. இரண்டையும் பதிவேட்டில், ஒன்றன்கீழ் ஒன்றாக, மனிதர், இரும்பு என்று எழுதினார். சிறுநீரைப் பரிசோதித்தார். சர்க்கரை, கணக்கில்லாமல். ஆம்புலன்ஸ் வந்தது.

மருத்துவமனையில் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அது போதவில்லை. இடது பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள்.

இனி எல்லோரையும் உடுப்பில்லாமல் பார்ப்பது என்று அறிவித்தோம். முதல் நாள் வரிசையில் நின்றவர்களில் பலருக்குத் திடீரென்று கழிப்பறை நினைவு வந்தது. மாலையில் துப்புரவுப் பெண்மணி கழிப்பறைத் தொட்டிகளிலிருந்து இரும்பு ரவையை இரண்டு வாளி அள்ளினார். இந்த வேலைக்குத் தன்னை எடுக்கவில்லை என்று என்னிடம் வந்து சத்தம் போட்டார். அந்த வருடம் வார்ப்பாலையின் எடை வெகுவாகக் குறைந்தது. பெரும்பகுதி இரும்பு.

அந்த வாரம் நான் டாக்டரிடம் போய் நின்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"எப்போதிலிருந்து?"

"பிப்ரவரியிலிருந்து."

"அப்படியென்றால் மூன்று முறை."

"ஆமாம்."

"மூன்றிலும் உங்கள் கையெழுத்து இருக்கிறது." பதிவேட்டைப் பார்க்காமலே சொன்னார். "இரக்கப்பட்டீர்கள்."

மன்னிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது.

"என் பதிவேட்டில் இரக்கத்துக்குக் கட்டம் இல்லை, சிஸ்டர். உட்கார்ந்து திருத்துங்கள்."

மூன்று அறுபத்தெட்டின் மேலும் ஒவ்வொரு கோடு போட்டேன். பக்கத்தில் சரியான எண்ணை எழுத வேண்டும். அது என்னவென்று யாருக்கும் தெரியாது. டாக்டரிடம் கேட்டேன்.

"தெரியாது என்று எழுதுங்கள்" என்றார்.

தெரியாது, தெரியாது, தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் அதைத்தான் மறுபடி படித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பதிவேட்டின் ஓரத்தில் டாக்டர் தன் கையால் எழுதினார்: எடை பார்த்த முறை தவறு, முறையை அனுமதித்தவர் நான்.

பணியாளர் பிரிவுத் தலைவர் வந்தார். ஏமாற்றியதற்காகச் சிவஞானத்தை உடனே நீக்கலாம் என்றார். டாக்டர் மதிய ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை.

"ஏமாந்தது யார்? தராசு. தராசு என்னுடையது. நான் புகார் கொடுக்கவில்லை."

"உலையில் நிற்க முடியாதே. அப்படியென்றால் பட்டியலில் முதல் பெயர் அவர்தான்."

டாக்டர் ஒரு காகிதத்தை நகர்த்திவைத்தார். சர்க்கரையும் பாதமுமாகச் சேர்ந்து அண்ணாச்சி இப்போது சட்டப்படி ஊனமுற்றவர். அப்படிப்பட்டவரை வேலையிலிருந்து எடுப்பது அவ்வளவு சுலபமில்லை. பதின்மூன்றரை கிலோ இரும்பால் காப்பாற்ற முடியாத வேலையை, இல்லாமல்போன அரைப் பாதம் காப்பாற்றிவிட்டது. மர அச்சுகள் வைத்திருக்கும் கிடங்கில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். வருட முடிவில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் வெளியே போனார்கள். அவர் போகவில்லை. அன்ட்ராக் நகர்ந்தது.

எழுபத்தைந்து வசந்தத்தில் மனைவியும் பெண்ணும் வந்தார்கள். பிராங்க்ஃபர்ட்டில் படித்துக்கொண்டிருந்த அவர் ஊர் மாணவர் ஒருவர் விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்து ரயிலேற்றிவிட்டார். ஹம் ஸ்டேஷனுக்கு என்னையும் வரச்சொன்னார் அண்ணாச்சி. ஊன்றுகோலோடு பெட்டி தூக்க முடியாது என்றார். ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கியதில் கொஞ்சம் தேறியிருந்தார். ஆனாலும் பழைய ஆள் இல்லை.

மனைவி பரமேஸ்வரி ரயிலிலிருந்து இறங்கி, அவரைத் தாண்டி இரண்டடி நடந்துவிட்டாள். பிறகு நின்று திரும்பிப் பார்த்தாள். பெண்ணுக்கு எட்டு வயது. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் காலணியையே பார்த்தாள். ஒன்று மட்டும் சின்னதாக, குதிரைக் குளம்பு மாதிரி இருந்தது.

"என்னப்பா இது? என்ன நடந்தது?"

"இரும்பு விழுந்தது. அது ஒண்டுமில்லை."

"கடிதத்திலை சுகமெண்டெல்லோ எழுதினீங்கள்."

"சுகம்தான்."

அவள் அழுதாள். அழுதுகொண்டே கைப்பையைத் திறந்து, பனை ஓலையில் முடைந்த சின்னக் குட்டான் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உள்ளே பனங்கட்டி, எங்கள் ஊர்க் கருப்பட்டி. "எப்பிடி மெலிஞ்சு போனியள். நான் வந்திட்டன்தானே, இனி நான் பாக்கிறன்" என்று ஒரு பெரிய துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "முதல் இதைத் தின்னுங்கோ."

அண்ணாச்சி பனங்கட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிப்ரவரியில் தராசின்மேல் நின்று பார்த்த அதே பார்வை.

"தங்கச்சிக்குத் தெரியும்" என்று மனைவியிடம் சொன்னார். "கேட்டுப்பார். இரும்பு விழுந்ததுதானே?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஓமோ அக்கா?"

ஓம் என்று சொல்வது சுலபம். ஐந்து வருடம் காத்திருந்து வந்தவளுக்கு, பிளாட்பாரத்தில் வைத்தா சொல்வது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது.

"இல்லம்மா" என்றேன். "அவருக்குச் சர்க்கரை. இனிப்பு தொடவே கூடாது. எடை குறைஞ்சா வேலை போயிடும், உங்களைக் கூப்பிட முடியாதுன்னு இடுப்புல இரும்பைக் கட்டிட்டு வந்தாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சரியா இருக்குன்னு மூணு தடவை எழுதினேன். அதனாலதான் கால் போச்சு."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"எங்களை இஞ்சை எடுக்கவோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றார்.

அவள் அவர் கையிலிருந்த பனங்கட்டியை எடுத்துக்கொண்டாள். கண்ணைத் துடைக்கவில்லை. பிறகு அதை என்னிடம் நீட்டினாள்.

"அப்ப நீங்கள் தின்னுங்கோ."

என்னை ஏசுகிறாளா, உபசரிக்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நின்ற இடத்திலேயே, முழுவதையும் தின்று முடித்தேன்.